ரேடியோ கட்டுப்பாட்டு மாதிரிக் கார்களின் தொடக்க கால வரலாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரேடியோ அலைகளால் இயக்கப்படும் மாதிரிக் கார்கள் எப்போது, எங்கே, யாரால் உருவாக்கப்பட்டன என்று ஆராயத் தொடங்குபவர்களுக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. பொழுதுபோக்குத் துறையின் வரலாறு என்பதால் இதற்கு முறையான ஆவணங்கள் குறைவு. பெரும்பகுதி பழைய இதழ்களின் விளம்பரப் பக்கங்களிலும், சிறு நிறுவனங்களின் விலைப்பட்டியல்களிலும், யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் கிடக்கும் ரிசீவர்களிலும் (அலையை வாங்கும் கருவிகள்) சிதறிக் கிடக்கிறது. அவற்றை எப்படித் தேடுவது, எப்படிப் படிப்பது, எவ்வளவு நம்புவது என்பவையே இங்குள்ள கேள்விகளின் சாரம்.

உலகின் முதல் ரேடியோ கட்டுப்பாட்டு மாதிரிக் கார் எது?

இந்தக் கேள்வியை இந்த வடிவில் கேட்கும்வரை நல்ல பதில் கிடைக்காது. முதலில் ஒருவர் தன் பட்டறையில் தனக்காகச் செய்துகொண்ட காரா, கடையில் விற்கப்பட்ட பொம்மையா, திசையையும் வேகத்தையும் விரும்பிய அளவுக்கு மாற்றக்கூடிய காரா, பந்தயத்தில் ஓடிய காரா என்று பிரித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றுக்கும் விடை வேறு.

கடையில் விற்கப்பட்ட பொம்மை வண்டி என்று பார்த்தால், ஜப்பானின் மசுதயா நிறுவனம் 1955இல் வெளியிட்ட 'ரேடிகான்' தகரப் பேருந்து மிக முக்கியமானது. அதன் ரிசீவரில் வால்வு என்னும் கண்ணாடி வெற்றிடக் குழாயும் இல்லை, டிரான்சிஸ்டரும் இல்லை. ரேடியோ பிறந்த காலத்துக் கோஹியரர் என்னும் பழைய உத்திதான் இருந்தது. தீப்பொறியால் எழும் அலை வந்து பட்டதும் சிறு குழாய்க்குள் இருக்கும் உலோகத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி மின்சாரத்தைக் கடத்தும். லேசாகத் தட்டினால் மீண்டும் பிரிந்துவிடும். மார்க்கோனி காலத்து உத்தி ஒன்று, டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டு எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு பொம்மைக்குள் வெற்றிகரமாக வேலை செய்தது என்பது இந்த வரலாற்றின் மிக அழகான செய்திகளில் ஒன்று.

பொழுதுபோக்கு ஆர்வலர்கள் வாங்கி ஓட்டக்கூடிய அளவு மாதிரிக் கார் என்று பார்த்தால், இத்தாலியின் ரெஜ்ஜோ எமிலியா நகரைச் சேர்ந்த எலெட்ரோனிக்கா ஜொகாட்டோலி, சுருக்கமாக எல்-ஜி, 1966இல் வெளியிட்ட 1:12 அளவுள்ள, அதாவது நிஜக் காரில் பன்னிரண்டில் ஒரு பங்கான, ஃபெராரி 250 எல்எம் பெரும்பாலும் முதலிடத்தில் வைக்கப்படுகிறது. 'முதல்' என்ற பட்டத்தை ஒரு பொருளுக்குச் சூட்டும்போது எந்தப் பொருளில் முதல் என்பதையும் அதே வாக்கியத்தில் எழுதிவிடுவதே ஆய்வாளரின் கடமை.

வண்டியைக் கம்பியில்லாமல் இயக்கும் எண்ணம் எவ்வளவு பழையது?

நிக்கோலா டெஸ்லா 1898இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஒரு சிறிய படகை ரேடியோ அலைகளால் இயக்கிக் காட்டினார். அதற்கான 613,809 எண்ணுள்ள அமெரிக்கக் காப்புரிமை அதே ஆண்டு நவம்பர் 8ஆம் தேதி வழங்கப்பட்டது. தரையில் ஓடும் வண்டி என்றால் ஸ்பெயின் பொறியாளர் லியோனார்டோ டோரஸ் கெவேடோவைத்தான் சொல்ல வேண்டும். 'டெலிகினோ' என்ற தம் கருவியை 1904இல் மாட்ரிட்டின் பெத்தி ஜாய் விளையாட்டு அரங்கில் மின்சார மூன்றுசக்கர வண்டி ஒன்றில் பொருத்தி, இருபது முப்பது மீட்டர் தொலைவிலிருந்து அவர் இயக்கினார். 1925இல் நியூயார்க் தெருக்களில் ஹௌடினா நிறுவனம் ஓட்டுநர் இல்லாத முழு அளவுக் காரைப் பின்னால் வந்த இன்னொரு காரிலிருந்து செலுத்தியது.

இவை மாதிரிக் கார்களின் முன்னோடிகளே தவிர, மூதாதையர் அல்ல என்பது என் கருத்து. டெஸ்லாவின் படகிலிருந்து 1966ஆம் ஆண்டுக் காருக்கு நேர்க்கோடு இழுக்கும் கட்டுரைகள் ஏராளம். மாதிரிக் கார்களைச் செய்தவர்கள் தொழில்நுட்பத்தை வாங்கியது டெஸ்லாவிடமிருந்து அல்ல, மாதிரி விமானம் விட்டவர்களிடமிருந்து.

மாதிரி விமானம் 1937இலேயே பறந்துவிட்டது. கார் மட்டும் ஏன் இவ்வளவு தாமதமாக வந்தது?

வால்டர் குட், வில்லியம் குட் என்ற அமெரிக்க இரட்டைச் சகோதரர்கள் 1937இல் 'கஃப்' என்ற விமானத்தை ரேடியோ மூலம் பறக்கவிட்டார்கள். அது இன்று ஸ்மித்சோனியன் தேசிய விமான, விண்வெளி அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது. வானில் விமானத்தை ஓட்டுவதைவிடத் தரையில் காரை ஓட்டுவது எளிது என்று நமக்குத் தோன்றும். அக்காலக் கருவிகளின் நோக்கில் உண்மை நேர்மாறானது.

அன்றைய ரிசீவரால் 'அலை வருகிறது', 'அலை வரவில்லை' என்ற இரண்டை மட்டுமே உணர முடிந்தது. அந்த ஒரே சைகையை வைத்து எஸ்கேப்மென்ட் என்ற சிறு பொறி இயங்கியது. முறுக்கிய ரப்பர் நாடா அதைச் சுழற்ற முயலும். மின்காந்தத்தால் இயங்கும் ஒரு கொக்கி அதைத் தடுத்து நிறுத்தும். பொத்தானை அழுத்தினால் ஒரு படி நகரும், விட்டால் அடுத்த படி நகரும். இடது, நேர், வலது, நேர் என்ற இந்த வரிசையை ஓட்டுபவர் மனத்தில் வைத்திருக்க வேண்டும். திரும்பினால் முழுதாகத்தான் திரும்பும். தானாகவே நிலைத்துப் பறக்கும்படி வடிவமைக்கப்பட்ட விமானத்துக்கு எப்போதாவது ஒரு திருத்தம் கொடுத்தால் போதும், தவறாகத் திரும்பினாலும் சரிசெய்ய வானம் முழுவதும் இடம் இருக்கிறது. காருக்கு ஒவ்வொரு நொடியும் திசைதிருத்தம் வேண்டும், இரண்டு மீட்டர் தள்ளினால் சுவரோ நடைபாதை விளிம்போ காத்திருக்கும். அரைகுறையாகத் திருப்ப முடியாத கார் ஓட்டத் தகுந்த கார் அல்ல.

எடையும் குலுக்கலும் இதோடு சேர்ந்துகொண்டன. வால்வு ரிசீவருக்கு இழையைச் சூடாக்க ஒரு பேட்டரியும், பல பத்து வோல்ட் தரும் இன்னொரு பேட்டரியும் தேவைப்பட்டன. வால்வின் இழையும் ரிலே என்னும் மின்காந்தச் சுவிட்சின் நுண்ணிய தொடுமுனையும் தரையின் அதிர்ச்சியைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. மின்மோட்டாரின் கரித்துண்டில் எழும் தீப்பொறியே பக்கத்தில் இருக்கும் ரிசீவரைக் குழப்பிவிடும்.

இந்த முடிச்சு 1960களில்தான் அவிழ்ந்தது. டிரான்சிஸ்டர் வந்ததும் எடை குறைந்தது. விமான ஆர்வலர்கள் உருவாக்கிய டிஜிட்டல் விகிதாசாரக் கட்டுப்பாட்டு முறையில் ஒவ்வொரு சேனலுக்கும் (திசை, வேகம் போன்ற ஒவ்வொரு கட்டளைக்கும்) ஏறக்குறைய 1 முதல் 2 மில்லிவினாடி நீளமுள்ள துடிப்பு ஒன்று நொடிக்கு ஐம்பது முறை போல அனுப்பப்படும், துடிப்பு 1.5 மில்லிவினாடி என்றால் சர்வோ என்னும் திருப்பும் மோட்டார் நடுவில் நிற்கும், நீண்டாலோ குறுகினாலோ அந்த அளவுக்கே திரும்பும். கைவிரல் அசைந்த அளவுக்கே சக்கரமும் அசையும் நிலை வந்த பிறகே மாதிரிக் கார் ஒரு பொழுதுபோக்காக நிலைபெற்றது. ஆகவே 1960க்கு முந்தைய கார் ஒன்றைக் கண்டால், எந்த ஆண்டுக்குரியது என்பதற்கு முன்பே, அதைத் திருப்பிய முறை என்ன என்று கேளுங்கள்.

டெதர் கார், ஸ்லாட் கார் ஆகியவற்றையும் படிக்க வேண்டுமா?

கட்டாயம் படிக்க வேண்டும். டெதர் கார் என்பது நடுவில் நட்ட கம்பத்தோடு கம்பியால் பிணைக்கப்பட்டு, சிறிய எஞ்சின் வேகத்தில் வட்டமடித்து ஓடும் மாதிரிக் கார். 1930களின் இறுதியிலிருந்து 1940கள் வரை அமெரிக்காவில் இதற்குப் பெரும் வரவேற்பு இருந்தது. சிறு எஞ்சின், பல்சக்கரம், கிளட்ச், ரப்பர் டயர் பற்றிய அறிவு அங்குதான் சேர்ந்தது. 1947இல் ரே ஆர்டன் விற்பனைக்குக் கொண்டுவந்த, சூடான இழையால் எரிபொருளைப் பற்றவைக்கும் குளோ பிளக், தீப்பொறி மூட்டும் சுருளையும் பேட்டரியையும் தேவையற்றதாக்கியது. எடை குறைந்ததோடு ரேடியோவைக் குழப்பும் தீப்பொறியும் ஒழிந்தது.

பள்ளத் தடத்தில் ஓடும் ஸ்லாட் கார் மோகம் 1960களின் நடுவில் உச்சத்துக்குச் சென்று வேகமாகச் சரிந்தபோது, அந்தத் துறையில் இருந்த அமெரிக்கச் சிறு நிறுவனங்கள் பல ரேடியோ கார்களுக்கு மாறின. அசோசியேட்டட், தோர்ப், டைனமிக், டெல்டா ஆகிய பெயர்களை ஸ்லாட் கார் இதழ்களிலும் தேடினால் அவற்றின் முந்தைய வாழ்க்கை கிடைக்கும்.

1966க்கும் 1976க்கும் இடையில் என்ன நடந்தது?

எல்-ஜியின் ஃபெராரி 1966 முடிவதற்குள் பிரிட்டனிலும் விற்பனைக்கு வந்தது. அதே நிறுவனத்தின் 1:10 அளவுள்ள ஃபெராரி பி4 1968 தொடக்கத்தில் மிலான் பொம்மைக் கண்காட்சியில் காட்டப்பட்டது. பிரிட்டனின் லெஸ்டர் நகரில் மார்டேவ் நிறுவனம் எஞ்சின் கார்களைச் செய்தது. ஜப்பானில் கியோஷோ 1970இல் 'டாஷ் 1' என்ற எஞ்சின் காரை வெளியிட்டது.

அமெரிக்காவில் 1:8 அளவுள்ள, தட்டையான அலுமினியத் தகட்டையே அடிச்சட்டமாகக் கொண்ட கார்கள் வாகன நிறுத்துமிடங்களில் பந்தயம் ஓடின. அவற்றின் எஞ்சின் 0.21 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 3.5 சிசி, மேலுறை பாலிகார்பனேட் தாளை வெப்பத்தில் வார்த்துச் செய்யப்பட்டது. இந்தப் பந்தயங்களுக்கு விதிகளை வகுத்த அமைப்பு ரோர் (ரிமோட்லி ஆபரேட்டட் ஆட்டோ ரேசர்ஸ்). 1970களின் நடுவில் வாஷிங்டன் மாநிலத்தின் ஜெரோபி நிறுவனம் 0.049 கன அங்குல காக்ஸ் எஞ்சினுடன் 1:12 காரைக் கொண்டுவந்தது.

அமெரிக்க இதழ்களில் அக்காலத்தில் 'கேஸ் கார்' என்று எழுதியிருந்தால் அது பெட்ரோல் கார் அல்ல. மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் எண்ணெயும் கலந்த எரிபொருளில் ஓடுவது.

பழைய விளம்பரத்தில் 'ரிமோட் கன்ட்ரோல்' என்று இருந்தால் அது ரேடியோ கார் என்று கொள்ளலாமா?

கூடாது. 1950களின் தகரப் பொம்மைகளில் பெரும்பாலானவை பேட்டரிப் பெட்டியிலிருந்து நீளும் கம்பியால் இயங்கியவை; அவையும் 'ரிமோட் கன்ட்ரோல்' என்றே விற்கப்பட்டன. ஒலியைக் கேட்டுத் திரும்பும் பொம்மைகளும் உண்டு. படத்தில் ஆன்டெனா தெரிவதும் சான்றாகாது, அது அழகுக்காக வைத்ததாக இருக்கலாம். அலைவரிசை எண், உரிமம் பற்றிய குறிப்பு, ரிசீவரின் படம் ஆகியவற்றில் ஒன்றாவது இருந்தால்தான் ரேடியோ என்று எழுதலாம்.

தேதி அச்சிடப்படாத விலைப்பட்டியலையோ கருவியையோ எப்படிக் காலம் கணிப்பது?

இந்த ஆய்வின் சுவையான பகுதி இதுதான். காகிதத்திலிருந்து தொடங்குங்கள். அமெரிக்க முகவரியில் ஐந்து இலக்க ஜிப் எண் இருந்தால் அது 1963 ஜூலைக்குப் பிந்தையது. பிரிட்டன் விலைப்பட்டியலில் ஷில்லிங், பழைய பென்ஸ் கணக்கில் மட்டும் விலை இருந்தால் பெரும்பாலும் 1971 பிப்ரவரி 15க்கு முந்தையது. இரண்டு கணக்கிலும் விலை இருந்தால் மாற்றத்தை ஒட்டிய மாதங்களைச் சேர்ந்தது. பொம்மையின் அடியில் 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்யப்பட்டது' என்று ஆங்கிலத்தில் இருந்தால் 1952க்குப் பிந்தையதாக இருக்க வாய்ப்பில்லை.

அடுத்து, மாதிரி எந்த நிஜக் காரைப் பின்பற்றியது என்று பாருங்கள். ஃபெராரி 250 எல்எம் 1963இல் அறிமுகமானது. பி4 1967ஆம் ஆண்டுப் பந்தயக் கார். மாதிரி தன் மூலத்துக்கு முன்னால் பிறந்திருக்க முடியாது. ஆனால் மேலுறை மட்டும் பின்னாளில் மாற்றப்பட்டிருக்கலாம் என்பதால் அடிச்சட்டத்தின் காலத்தை மேலுறையை வைத்து முடிவு செய்யக் கூடாது.

கருவியைத் திறக்க முடிந்தால் இன்னும் நெருங்கலாம். அமெரிக்க டிரான்ஸ்மிட்டர் ஒன்றின் கைப்பிடிக்குக் கீழே உள்ள பொட்டென்ஷியோமீட்டரின் (கைப்பிடியின் அசைவுக்கேற்ப மின்தடையை மாற்றும் பாகம்) உலோக முதுகைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் 1376623 என்பது போன்ற எண் பொறித்திருக்கும். முதல் மூன்று இலக்கங்கள் செய்த நிறுவனத்தைக் குறிக்கும், 137 என்றால் சிடிஎஸ். அடுத்த இரண்டு ஆண்டு, கடைசி இரண்டு வாரம். ஆக, அந்தப் பாகம் 1966ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. இதிலிருந்து கருவி அந்த வாரத்துக்குப் பிறகே இணைக்கப்பட்டது என்று மட்டும் சொல்லலாம். கிடங்கில் ஓராண்டு கிடந்த பாகமாகவும் இருக்கலாம். பின்னர் பழுதுபார்த்தவர் மாற்றியதாகவும் இருக்கலாம். பற்றுவைப்பு மற்றவற்றைப் போலவே இருக்கிறதா, புதிதாகப் பளபளக்கிறதா என்று கவனியுங்கள். நான்கைந்து பாகங்களின் எண்கள் ஒரே பருவத்தைச் சுட்டினால், மிகப் பிந்தையதை எல்லையாகக் கொள்ளலாம்.

அலைவரிசைச் சட்டங்களை ஏன் படிக்க வேண்டும்?

ஒருவர் எப்போது ரேடியோ காரைச் சட்டப்படி ஓட்ட முடிந்தது என்பதை அவை சொல்லும். அமெரிக்காவில் முதலில் தேர்வு எழுதி அமெச்சூர் ரேடியோ உரிமம் பெற்றவர்களே மாதிரிகளை இயக்கினார்கள். 1950களில் 27 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் தேர்வில்லாத உரிமத்துக்கு வழி பிறந்ததும் ஆர்வலர் கூட்டம் பெருகியது. பின்னர் அப்பகுதியில் ஆறு இடங்கள் வழக்கத்துக்கு வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஆன்டெனாவில் கட்டும் சிறு துணியின் நிறம் உண்டு: 26.995க்குப் பழுப்பு, 27.045க்குச் சிவப்பு, 27.095க்கு ஆரஞ்சு, 27.145க்கு மஞ்சள், 27.195க்குப் பச்சை, 27.255க்கு நீலம். வண்ணப் புகைப்படத்தில் அந்தத் துணி தெரிந்தால், ஒரே சமயத்தில் எத்தனை கார்கள் ஓடின என்பதைக்கூடச் சொல்லிவிடலாம்.

ஆதாரங்களை எங்கே தேடுவது?

கார்களுக்கெனத் தனி இதழ்கள் பரவுவதற்கு முந்தைய காலம் இது. ஆகவே விமான மாதிரி இதழ்களும் மின்னணு இதழ்களுமே முதல் இடம். அமெரிக்காவில் 1954இல் தொடங்கிய 'பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ்', 1963இல் தொடங்கிய 'ரேடியோ கன்ட்ரோல் மாடலர்' ஆகியவற்றின் பழைய இதழ்கள் பயன்படும். இண்டியானா மாநிலத்தின் மன்சி நகரில் மாதிரி விமானக் கழகத்தின் அருங்காட்சியகமும் நூலகமும் உள்ளன. நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் உள்ள ஸ்ட்ராங் விளையாட்டு அருங்காட்சியகத்தின் நூலகத்தில் பொம்மை வணிகர்களுக்காக அச்சிட்ட விலைப்பட்டியல்கள் சேகரிக்கப்பட்டுள்ளன.

ஸ்கேன் செய்த இதழ்களில் சொல்லை இட்டுத் தேடுவதை மட்டும் நம்ப வேண்டாம். விளம்பரங்களின் அலங்கார எழுத்துகளைக் கணினி சரியாகப் படிப்பதில்லை. பக்கம் பக்கமாகப் புரட்டியே ஆக வேண்டும். நூலகங்கள் இதழ்களைத் தொகுத்துக் கட்டும்போது விளம்பரப் பக்கங்களை நீக்கிவிடுவதும் உண்டு, எனவே பக்க எண்கள் தாவுகின்றனவா என்று பாருங்கள். அட்டையில் உள்ள மாதம் இதழ் கடைக்கு வந்த மாதத்துக்குப் பிந்தியதாகவே பெரும்பாலும் இருக்கும், கட்டுரையோ அதற்கும் பல வாரங்கள் முன்பு எழுதப்பட்டது. 'மே மாதம் அறிமுகம்' என்று எழுதுவதைவிட 'மே மாத இதழில் முதல் விளம்பரம்' என்று எழுதுவது சரியானது.

இத்தாலிய, ஜப்பானிய ஆதாரங்களை அந்தந்த மொழியின் எழுத்திலேயே தேட வேண்டும். ஆங்கில இதழ்களை மட்டும் படித்தவர்கள் எழுதிய வரலாற்றில் ரெஜ்ஜோ எமிலியாவுக்கும் டோக்கியோவுக்கும் கிடைத்த இடம் மிகச் சிறியது. அந்தக் குறை வருந்தத்தக்கது.

காப்புரிமைகள் எவ்வளவு உதவும்?

ஒரு எண்ணம் எந்தத் தேதிக்கு முன் இருந்தது என்பதை உறுதியாகச் சொல்லும். பொருள் செய்யப்பட்டதா, விற்றதா என்று சொல்லாது. கம்பியில்லாக் கட்டுப்பாட்டுப் பொம்மைகள் பன்னாட்டு வகைப்பாட்டில் ஏ63எச் 30/04 என்ற பிரிவில் வரும். சொற்களால் தேடுவதைவிட இந்தப் பிரிவை வைத்து ஆண்டுவாரியாகப் பார்ப்பது நல்லது. விண்ணப்பித்த தேதியையும் வழங்கிய தேதியையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள், இரண்டுக்கும் இடையில் சில ஆண்டுகள் இருக்கலாம். முந்தைய காப்புரிமைகளைச் சுட்டும் பகுதி அடுத்த தேடலுக்கு வழிகாட்டும்.

அக்காலத்தில் கார் ஓட்டிய முதியவர்களின் நினைவுகளை நம்பலாமா?

அவர்கள் சொல்லும் 'எப்படி' பொன்னானது. 'எப்போது' மட்டும் சரிபார்க்கப்பட வேண்டும். எஞ்சினை எப்படி முடுக்கினார்கள், டயரை எதனால் ஒட்டினார்கள், அலைவரிசை மோதியபோது என்ன செய்தார்கள் என்பவை எந்த இதழிலும் கிடைக்காதவை. ஆண்டைக் கேட்கும்போது நேரடியாகக் கேட்காமல், அப்போது எந்த வேலையில் இருந்தார், எந்த ஊரில் குடியிருந்தார், எந்த நிஜக் காரை வைத்திருந்தார் என்று கேட்டால் ஆண்டு தானாக நெருங்கி வரும். பழைய புகைப்படம் ஒன்றைக் கையில் கொடுத்துப் பேசவிடுங்கள். அவர் காலமாகுமுன் கேட்பது நம் பொறுப்பு, இதில் தள்ளிப்போடுவதற்கு இடமில்லை.

தொடக்க காலம் எந்த ஆண்டோடு முடிகிறது?

1976 என்பேன். அந்த ஆண்டு ஜப்பானின் டாமியா நிறுவனம் வெளியிட்ட 1:12 போர்ஷே 934, மின்மோட்டாரில் ஓடும் காரைச் சாதாரணப் பிளாஸ்டிக் மாதிரி செய்பவர்களின் மேசைக்குக் கொண்டுவந்தது. அதன் நுணுக்கத்துக்காக நிஜமான போர்ஷே 911 ஒன்றையே அந்நிறுவனம் வாங்கிப் பிரித்துப் பார்த்தது. அதற்குப் பிந்தைய காலத்துக்கு ஆவணங்களும் சேகரிப்பாளர்களும் நிறைய உண்டு, ஆகவே உழைப்பு தேவைப்படுவது அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில்தான்.

பழைய கார் ஒன்று கைக்குக் கிடைத்தால் முதலில் என்ன செய்வது?

இயக்கிப் பார்க்காதீர்கள். பேட்டரி உள்ளே இருந்தால் கையுறை அணிந்து அதை எடுத்து, கசிந்த இடத்தைப் படமெடுத்துவிட்டு அகற்றுங்கள். நிக்கல் காட்மியம் பேட்டரி நஞ்சு என்பதால் வீட்டுக் குப்பையில் போடக் கூடாது. துடைப்பதற்கு முன்பே எல்லாப் பக்கங்களையும், கம்பிகள் செல்லும் வழியையும், அலைவரிசையைத் தீர்மானிக்கும் கிறிஸ்டலில் உள்ள எண்ணையும், பாகங்களின் தேதிக் குறிகளையும் அளவுகோல் ஒன்றை அருகில் வைத்துப் படமெடுங்கள். பெட்டியில் ஒட்டியுள்ள கடை விலைச்சீட்டை உரிக்க வேண்டாம், கைப்பட எழுதிய குறிப்பை அழிக்க வேண்டாம். காரைக் கொடுத்தவர் அது யாருடையது, எங்கே இருந்தது என்று சொன்னதை அன்றே எழுதிக் காருடன் சேர்த்து வையுங்கள். உடைந்த பாகத்தை மாற்றியே ஆக வேண்டுமென்றால், பழையதை ஒரு உறையிலிட்டு, எந்த இடத்திலிருந்து எப்போது எடுத்தது என்று மேலே குறித்து வையுங்கள்.